சமாதானமும் அமைதியும்

ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு அண்மையில் ஒரு பயிற்சி கொடுத்தேன். 'அமைதி' என்னும் சொல்லைக் கொண்டு வாக்கியம் அமைக்க வேண்டும். இருபத்திரண்டு ஏடுகளில் பத்தொன்பது ஏடுகள் ஒரே பாட்டைப் பாடின. ஆசிரியர் வந்ததும் வகுப்பு அமைதியாயிற்று. தலைமையாசிரியர் அதட்டியதும் மாணவர்கள் அமைதியாயினர். குற்றம் பிள்ளைகளுடையதன்று. நாளொன்றுக்குப் பத்து முறை மேசையைத் தட்டி "அமைதி!" என்று முழங்குபவன் நானேதான். ஒரு சிறுமி மட்டும் வேறாக எழுதியிருந்தாள்: 'பாட்டி இறந்த பிறகு எங்கள் வீடு அமைதியாக இருக்கிறது.' வாக்கியத்தில் பிழையில்லை. சிவப்பு மையால் சரியென்று குறியிட்டேன். குறியிட்ட பின்னர் என் மனம் அதற்கு ஒப்பவில்லை.

அதே வாரம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கிறித்தவ அன்பர் இல்லத்துத் துக்கத்திற்குச் சென்றிருந்தேன். மறைநூல் வாசித்தவர் 'அமைதி' என்று வாசித்த இடத்தில், என்னருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், அவ்விடத்தில் சமாதானம் என்றுதான் இருக்க வேண்டும் என்று முணுமுணுத்தார். நான் கிறித்தவன் அல்லேன். சைவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆயினும் ஆசிரியர் பயிற்சிக் காலந்தொட்டே தமிழ் விவிலியத்தைத் தமிழ் நூலாகப் படித்து வருகின்றேன். முதியவரின் முணுமுணுப்பு வெறும் பழக்கத்தின் பிடிவாதமா, அதனுள் ஒரு நியாயம் உண்டா என்பதே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

நூல் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார்; அது 1715இல் அச்சேறி முடிந்தது. பின்வந்தோர் பலர் அதனைத் திருத்தியும் புதுக்கியும் வந்தனர். சீர்திருத்தச் சபையார் இன்றும் பெரும்பாலும் ஓதிவருவது, பவர் ஐயர் தலைமையில் ஒரு குழுவினர் உழைத்து 1871இல் வெளியான பெயர்ப்பாகும். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடி ஆக்கிய 'திருவிவிலியம்' 1995இல் வந்தது. முன்னதில் 'சமாதானம்' என்று வருமிடங்களில் பின்னதில் பெரும்பாலும் 'அமைதி' என்று வரும். வடசொல் போய்த் தென்சொல் வந்தது என்று மகிழ்வாரும் உளர். தாய் தந்தையர் ஓதிய சொல் போயிற்று என்று வருந்துவாரும் உளர். இரு சாராரும் சொல்லின் பிறப்பைப் பார்க்கின்றனரேயன்றி, அது சுமக்க வேண்டிய பொருளைப் பார்த்தாரில்லை.

அந்தப் பொருள் யாது? எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'ஷாலோம்'. முழுமை, குறைவின்மை, நலம் என்பன அதன் அடிப்படைக் கருத்துகள். யாக்கோபு தன் மகன் யோசேப்பை அழைத்து, மந்தை மேய்க்கச் சென்ற அண்ணன்மாரின் ஷாலோமையும் ஆடுகளின் ஷாலோமையும் பார்த்து வரும்படி அனுப்புகின்றான். ஆட்டுக்கு ஏது சமாதானம்? பழைய பெயர்ப்பாளர் அவ்விடத்தில் 'சேமம்' என்றனர். சூனேம் ஊர்ப் பெண்ணின் கதை இதனினும் உருக்கமானது. ஒரே மகன் மடியிலே மாண்டுபோகத் தீர்க்கதரிசியைத் தேடி ஓடுகின்றாள் அவள். நீ நலமா, கணவன் நலமா, பிள்ளை நலமா என்று எதிர்கொண்டவன் கேட்க, அவள் ஒரே சொல்லில் விடை கூறுகின்றாள். மூலத்தில் அது ஷாலோம், தமிழில் 'சுகந்தான்'. இப்பெயர்ப்பைச் செய்தவர் எவராயினும் தமிழ் வீடுகளின் பேச்சை அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. 'இங்கு யாவரும் சுகம்' என்று தொடங்கி எத்தனை கடிதங்கள் இந்நாட்டுத் தோட்டங்களிலிருந்து நாகப்பட்டினம் சென்றிருக்கும்! எழுதியவர் லயத்து வீட்டில் காய்ச்சலோடு கிடந்திருப்பார். கடிதத்தில் சுகமாகவே இருப்பார்.

இதே வேர்ச்சொல் நம்மிடம் வேறு வழியிலும் வந்திருக்கின்றது. அரபு மொழியின் 'சலாம்' ஷாலோமுக்கு உடன்பிறப்பு. மலாய் மொழியார் காலையும் மாலையும் கூறும் 'செலாமாட்' அவ்வேரிலிருந்து கிளைத்ததே. பழுதின்றி இருப்பீர் என்னும் வாழ்த்து அது. அதனைத் தமிழ்த் தோட்டம் என்ன செய்தது? விடியற்காலைப் பெரட்டில் நின்றவன் துரையைக் கண்டதும் தலைப்பாகையை அவிழ்த்துச் சலாம் போட்டான். ஒருவன் மற்றொருவனுக்கு நலம் கூறும் சொல், ஒருவன் மற்றொருவன் முன் குனியும் குனிவாகிவிட்டது. சொற்களுக்கும் இத்தகைய வீழ்ச்சி நேர்வதுண்டு. அமைதி என்னும் சொல்லுக்கும் அது நேர்ந்துகொண்டிருக்கின்றதோ என்பது என் அச்சம்.

'சமாதானம்' என்பதற்கு நம் வழக்கில் பொருள் பல. பகைத்த இருவர் கூடுவது சமாதானம். அழும் பிள்ளையைத் தேற்றுவது சமாதானப்படுத்துவது. நூலுரைகளில் ஒரு தடையை எழுப்பி அதற்கு உரைக்கும் விடைக்கும் சமாதானம் என்றே பெயர். இந்த மூன்றாவது பொருள் என்னை மிகவும் கவர்வது. தடை எழாத இடத்தில் விடைக்கு வேலையில்லை. அதுபோல, குறையுற்றவன் தன் குறையைச் சொல்ல, மற்றவன் அதற்கு விடை தந்தாலன்றிச் சமாதானம் பிறவாது. சமாதானத்திற்கு இருவர் வேண்டும். இருவருக்கும் வாய் வேண்டும். இலத்தீன் மொழியின் 'பாக்ஸ்' என்னும் சொல்லும் உடன்படிக்கை செய்தல் என்னும் பொருளினின்று வந்ததே என்பர். ஆனால் சொல்லின் குறையையும் மறைக்கலாகாது. 'சமாதானம் சொல்லாதே' என்று நாம் கடிந்துகொள்ளும்போது சாக்குப்போக்கு என்றே பொருள்படுகின்றது. வலியவன் கைநீட்ட மெலியவன் கைகுலுக்குவதும் சமாதானம் என்றே பெயர் பெறுகின்றது. பழைய சொல்லை மீட்டுவிட்டால் பழைய பொருளும் மீண்டுவிடும் என்று எண்ண இடமில்லை.

இனி அமைதிக்கு வருவோம். அமைதல் என்னும் வினைக்கு அடங்குதல் ஒன்றே பொருளன்று; பொருந்துதல், நிறைதல், உடன்படுதல் என்பனவும் பொருள்கள். 'இலக்கண அமைதி' என்னும்போது எந்தப் புலவரும் இலக்கணம் வாய்மூடிக் கிடப்பதாகக் கொள்ளார். பிள்ளைகளிடம் வாக்கியம் அமைக்கச் சொல்கின்றோமே, அங்கும் சொற்கள் தத்தம் இடத்திற் பொருந்தி நிற்பதையே கேட்கின்றோம். திருவள்ளுவர் 'நாடு' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் (740) 'அமைவு' என்னும் சொல்லை இருமுறை ஆள்கின்றார். முதலில் வருவது வளமும் பிறவும் நிரம்பியிருத்தல். அடுத்து வருவது வேந்தனும் நாடும் பொருந்தியிருத்தல். முன்னது இருந்தும் பின்னது இல்லையேல் நாட்டுக்குப் பயனில்லை என்பது கருத்து. நிறைவும் பொருத்தமும் ஒரே சொல்லில் அடங்கிக் கிடத்தல் காண்க. ஷாலோமுக்குத் தமிழில் இதனினும் நெருங்கிய சொல் கிடைப்பது அரிது.

மேலை நாட்டுக் கிறித்தவ அறிஞருள் தலையாயவரான அகுஸ்தீனார் 'கடவுளின் நகரம்' என்னும் நூலில், ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் நிற்கும் ஒழுங்கினின்று பிறக்கும் சாந்தமே அமைதி என்று விளக்கினார். தமிழறிந்திருந்தால் அவர் இவ்வளவு நீட்டியிருக்க வேண்டுவதில்லை. அமைவினால் வருவது அமைதி என்று முடித்திருப்பார். ஆகவே 1995ஆம் ஆண்டுப் பெயர்ப்பாளர் தேர்ந்த சொல் தவறன்று. அச்சொல்லை நாம் வகுப்பறையில் சுருக்கிவிட்டதே தவறு. அதட்டலுக்குப்பின் வரும் அடக்கத்திற்கும் சாவுக்குப்பின் வரும் வெறுமைக்கும் அமைதியென்று பெயரிட்டு வளர்ந்த பிள்ளை, மறைநூலில் அச்சொல்லைக் காணும்போது வேறெப்பொருளைக் கொள்ளும்?

அமைதியில்லாத இடத்தில் அமைதி அமைதி என்று கூறி மக்களின் புண்ணை மேலோட்டமாக ஆற்றுவோரை எரேமியா தீர்க்கதரிசி கடுமையாகச் சாடினார். மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்திலோ இயேசு பெருமானே, தாம் கொண்டுவந்தது அமைதியன்று, வாள் என்கின்றார். பழைய பெயர்ப்பில் அவ்வாளின் பெயர் 'பட்டயம்'. இக்கால மாணவன் அதனைப் படித்தால் கல்லூரியில் வழங்கும் சான்றிதழென்றே கருதுவான். இங்குப் புதிய பெயர்ப்பே வென்றது. நிற்க. பகைவரையும் நேசிக்கச் சொன்னவர் வாளைப் பற்றி ஏன் பேசினார் என்பது பலரும் எழுப்பும் தடை. இதற்குச் சமாதானம் அதே அதிகாரத்தில் ஐந்து வசனங்களுக்கு முன்னரே கிடைக்கின்றது. ஆள்வோர் முன் இழுத்துச் செல்லப்படவிருக்கும் சீடர்க்கு அஞ்சாதீர் என்று கூறும் பகுதி அது. உண்மை பேசினால் வீட்டிலும் நாட்டிலும் பிளவு வரும். பிளவுக்கு அஞ்சி வாய்மூடியிருப்பது தாம் தரும் அமைதியாகாது என்பதே அங்குப் பொருள். அஞ்சாமைக்கு அவர் காட்டும் காரணம் படையன்று, கோட்டையன்று, ஒரு குருவி.

காசு ஒன்றுக்கு இரண்டு குருவி என்பது மத்தேயு கூறும் சந்தை விலை. லூக்காவோ இரண்டு காசுக்கு ஐந்து என்கின்றார். கணக்குப் பாருங்கள். நான்குக்குத்தான் விலை; ஐந்தாவது கொசுறு. விலைக்கும் பெறாத அந்தக் கொசுறுக் குருவியையும் கடவுள் மறக்கவில்லை என்று சொல்லி, உங்கள் தலைமயிரும் எண்ணப்பட்டிருக்கின்றது என்று முடிக்கின்றார். உயிரின் மாண்பைப் பற்றிப் பெரிய நூல்கள் பல உண்டு. அங்காடிக் கணக்கைக்கொண்டே அங்காடியை மறுத்த இவ்வுவமைக்கு ஈடாக ஒன்றை நான் கண்டதில்லை. பழைய பெயர்ப்பு இதனை 'அடைக்கலான் குருவி' என்றது. சங்கப் புலவர் வீட்டுப் பறவையாகவே பாடிய குருவிக்கு அடைக்கலம் என்னும் சொல்லொட்டிய பெயர் வாய்த்திருக்கின்றது. புதிய பெயர்ப்பில் அது 'சிட்டுக்குருவி' ஆயிற்று. எளிமை வந்தது; ஆனால் பெயரிலேயே புகலிடம் வைத்திருந்த பறவையை இழந்தோம். இவ்விழப்பை நான் எளிதில் பொறுக்கமாட்டேன்.

தலையை எண்ணும் வழக்கம் நம் தோட்டங்களுக்கும் புதிதன்று. பெரட்டில் வந்து நின்ற ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கொடுத்த காலம் இருந்தது. காசுக்காக எண்ணிய தலை வேறு, மயிர் வரை எண்ணிய தலை வேறு. முதற்கணக்கில் ஓர் ஆள் குறைந்தால் இன்னோர் ஆளை நிறுத்திக்கொள்ளலாம். இரண்டாவதில் அது இயலாது. 'ஆள்' என்னும் சொல்லையே பாருங்கள். பெயருள்ளவனைப் பெயரற்றவனாக்க இதனினும் சிறிய சொல் வேண்டுமா?

கிறித்தவ நூல் இவ்வேற்றுமைக்கு அடிப்படையாக வைப்பது ஆதியாகமத்தின் படைப்புக் கதை. கடவுள் மனிதரைத் தம் சாயலில் படைத்தார் என்பது அங்கே உள்ளது. 'சாயல்' என்னும் சொல்லை இரு பெயர்ப்புகளும் விடாமல் காத்திருக்கின்றன, நன்றியுடையேன். தொல்காப்பியர் உரியியலில் இச்சொல்லுக்கு மென்மை என்று பொருள் காட்டினார். பின்னர் அழகும் ஒப்புமையும் பொருள்களாயின. பால்மரக் காட்டில் கிழவிகள் பிள்ளையைத் தூக்கிப் பார்த்து, இவன் அப்பன் சாயல் என்பர். அந்த ஒரு சொல்லோடு பிள்ளை குடும்பத்திற்குள் வந்துவிடுகின்றது. அதற்குப்பின் அதனை எவரும் அயலாகக் கருதார். கடவுட் சாயல் என்பதையும் இவ்வாறே கொள்ளலாம் எனத் தோன்றுகின்றது. உருவத்தால் ஒத்தல் என்பதினும் உறவால் உரிமையுடைத்தாதல் என்பதே அதன் உயிர். அத்துடன் மென்மை என்னும் பழம்பொருளும் அடியில் கிடக்கின்றது. எளிதில் காயப்படக்கூடியது, ஆதலால் காக்கப்பட வேண்டியது.

அமைதியும் மாண்பும் இரண்டு தனிப் பாடங்களல்ல என்பதைப் பிற்காலக் கிறித்தவரில் தெளிவாகக் கூறியவர் போப்பரசர் இருபத்துமூன்றாம் ஜான். 1962 அக்டோபரில் கியூபா நெருக்கடியால் உலகம் அணுப்போரின் விளிம்புக்குச் சென்று மீண்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் அவர் உலக அமைதி பற்றிய சுற்றுமடலைத் தம் சபையாரோடு நில்லாமல் நன்மனம் படைத்த எல்லார்க்கும் எழுதினார். படைக்கலத்தைக் குறைப்பதைப் பற்றி அதில் பேசுகின்றார். ஆனால் தொடங்குவது அங்கிருந்தன்று. ஒவ்வொரு மனிதனும் உரிமையும் கடமையும் உடைய ஆள் என்பதில் தொடங்குகின்றார். உணவு, உறையுள், மருத்துவம், தக்க ஊதியம் என எண்ணிக்கொண்டு போகின்றார். பின்னரே நாடுகளுக்கு வருகின்றார். லயத்தில் தொடங்கி உலகத்திற்குச் செல்லும் வரிசை அது. இரண்டு மாதம் கழியுமுன் அவர் மறைந்தார்.

சிலிம் ரிவரில் இருந்துகொண்டு இவ்வாராய்ச்சியை ஏட்டளவில் முடித்துக்கொள்ள இயலாது. 1942 சனவரி 7ஆம் நாள் விடியுமுன் சப்பானியக் கவசவண்டிகள் துரோலாக்கிலிருந்து பெருஞ்சாலை வழியே பாய்ந்து, பதினோராம் இந்தியப் படைப்பிரிவைச் சிதறடித்தது இங்கேதான். சாலையின் இருமருங்கும் தோட்டங்கள். நான்கு நாளில் கோலாலம்பூர் வீழ்ந்தது. போர் முடிந்ததென்று எண்ணிய தோட்டங்களில் அடுத்து வந்தது சயாமுக்கு ஆள் பிடித்தல். பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையை 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்தனர். அதில் மாண்ட போர்க்கைதிகள் பன்னீராயிரத்திற்கு மேற்பட்டவர். தமிழர், மலாய்க்காரர், பர்மியர் முதலிய ஆசியத் தொழிலாளரில் மாண்டவர் தொண்ணூறாயிரம் அளவினர் என்று மதிப்பிடுவோர் பலர். கூட்டியும் குறைத்தும் சொல்வோரும் உளர்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. பதவி, இனம், சமயம் பாராது ஒவ்வொரு வீரனையும் தனித்தனியே நினைவுகூர வேண்டும் என்பது அவற்றைப் பேணும் ஆணையத்தின் கோட்பாடு. நம் தைப்பிங்கிலும் அத்தகைய தோட்டம் ஒன்றுண்டு. அங்கே பெயர் தெரியாத வீரரின் கற்களும் பல. பெயர் தெரியாதவன் கல்லில், இவனைக் கடவுள் அறிவார் என்னும் கருத்துப்பட ஒரு தொடர் பொறிப்பது அவ்வாணையத்தின் வழக்கம். அது ஐந்தாவது குருவியின் நினைவு அன்றி வேறென்ன? ஆனால் அதே பாதையில் அதே ஆண்டில் அதே வாந்திபேதியில் மாண்ட தோட்டத் தமிழனுக்கு அத்தகைய கல்லும் இல்லை. அவனுக்குக் கிடைத்தது மதிப்பீடு. மதிப்பீட்டில் பத்தாயிரம் கூடலாம், குறையலாம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் இக்கல்லில்லாக் குறையை ஓரளவு தீர்க்க எழுந்தவை என்பேன்.

அவனைச் சயாமுக்கு இழுத்துச் சென்றவர் இம்மறைநூலை ஓதியவரல்லர். அதற்கு முன் பல்லாண்டு அவனை ஆளென்று எண்ணியவரிலும், போருக்குப்பின் கல்லறைகளுக்குக் கணக்கெழுதியவரிலும் அதனை ஓதியவர் மிகப் பலர். ஞாயிறுதோறும் சாயலைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை தலைக்காசு எழுதினர். இதனைச் சொல்வது கிறித்தவத்தைக் குறை கூறுவதாகாது. நூல் தன்னை ஓதியவரைவிடப் பெரிதாயிருக்கலாம். நம் சமயங்களில் எதற்கு இது பொருந்தாது?

என் பாட்டியின் தம்பி 1943இல் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். செய்தி ஒன்றும் வரவில்லை. தீபாவளிக்கு முன்னாள் இறந்தோர்க்குப் படையல் போடும்போது பாட்டி அவர் பெயரைச் சொல்லமாட்டார். இறந்தாரென்று யார் கண்டது என்பார். ஆனால் இலையின் ஓரத்தில் ஒரு பிடி சோறு தனியே இருக்கும். அதனை எங்களில் எவரும் தொடக்கூடாது. வீடு முழுவதும் அப்போது பேச்சற்றிருக்கும். அந்தப் பேச்சின்மைக்கு அமைதி என்று பெயரிட எனக்கு இன்றளவும் மனமில்லை.

ஆகவே பெயர்ப்பைப் பற்றி என் கருத்து இது. வாழ்த்தாகவும் கொடையாகவும் வருமிடங்களில் 'அமைதி' நிலைக்கட்டும். அதன் நிறைவுப்பொருளை ஆசிரியர் எடுத்துரைப்பாராக. மலைப்பொழிவில் பேறுபெற்றவராகக் கூறப்படுவோர் வரிசையில் மட்டும் பழைய சொல்லே வேண்டும். 'சமாதானம்பண்ணுகிறவர்கள்' என்பது பேச்சு வழக்கின் கரடுமுரடு உடையதுதான். 'அமைதி ஏற்படுத்துவோர்' என்பது காதுக்கு இனியதுதான். எனினும் பின்னதைக் கேட்கும் மாணவன் கண்முன் மேசையைத் தட்டும் என் உருவமே தோன்றும். முன்னதில் இருவர் நடுவே நின்று, இருவர் வசவையும் வாங்கிக்கொண்டு, இவன் குறையை அவனுக்கும் அவன் விடையை இவனுக்கும் எடுத்துச் செல்லும் ஒருவன் தோன்றுகின்றான். துக்க வீட்டில் முணுமுணுத்த முதியவர் இவ்வளவும் எண்ணியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. அவர் காது இழந்தது இன்னதென்று மட்டும் இப்போது எனக்கு விளங்குகின்றது.

சிறுமியின் ஏட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தக் குறியை அடிப்பதா விடுவதா என்று தெரியாமல் மேசைமேல் வைத்திருக்கின்றேன்.